போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

போகிக்கு முந்தின நாள் பரணை ஒழிக்கும்போது அந்த லாங் சைஸ் நோட்டு கையில் வந்து விழுந்தது. பழைய மாதக் காலண்டர் தாளால் போட்ட அட்டை. முருகன் பாதி, மயில் பாதி தெரிகிறது. வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கிரீஸ் கறை. பழைய பேப்பர் கட்டோடு அதையும் சேர்க்கப் போனவர், கறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூக்கருகே கொண்டுபோனார். மெஷின் ஆயில் வாசம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலை விட்டு இறங்கி, தூசியோடு அப்படியே கூடத்துத் தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

முதல் பக்கத்தில் நீலப் பால்பாயிண்ட் எழுத்து. ‘கல்லு தேஞ்சா கொத்தித் தருவீங்களா?’ ‘வீட்ல அஞ்சு பேரு, ரெண்டு லிட்டர் போதுங்களா?’ ‘பெல்ட் மட்டும் தனியாக் கிடைக்குமா?’ ‘மாவு பொங்கி மேல வருது, எதனால?’ ‘அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போனா ஓடுமா?’ ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பால் கணக்கு மாதிரி கோடுகள். நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. பெல்ட்டுக்குத்தான் அதிகக் கோடு. பக்கத்தில் ‘யார்’ என்று ஒரு கட்டம்: ‘சென்னை அம்மா’, ‘மெஸ்காரர்’, ‘பொண்ணு கல்யாணம்’, ‘ஃபாரின்’.

இணையதளங்களுக்கு எஸ்.இ.ஓ. செய்து கொடுப்பது அவருடைய தொழில். கூகுளில் ஒருவர் எதையாவது தேடினால், அதற்குப் பதில் வைத்திருக்கும் பக்கம் அவர் கண்ணில் படும்படி செய்கிற வேலை. அதில் முதல் படி கீவேர்டு பார்ப்பது. மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள், எத்தனை பேர், எதற்காகத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்குத் தளத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது, இல்லையென்றால் எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று கணக்கெடுத்துத் திட்டம் போடுவது. இன்றைக்கு அதற்கு விதவிதமான கருவிகள் இருக்கின்றன. அவர் கற்றுக்கொண்டது இந்த நோட்டில்.

கல்லூரி முடித்த கையோடு கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில் சேர்ந்திருந்தார். இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர், மாடிப்படிக்குக் கீழே டீக்கடை. அப்போது ஓவர்ச்சர் என்ற நிறுவனத்தின் இலவசக் கருவி ஒன்று இணையத்தில் இருந்தது. கோடூ என்ற பெயரில் பில் கிராஸ் 1998இல் கொண்டுவந்த தேடுதளம்தான் பின்னால் ஓவர்ச்சர் ஆனது. தேடும் சொல்லை ஏலம் விட்டு, ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று விளம்பரக்காரரிடம் காசு வாங்கும் முறையை அந்தத் தளம்தான் ஊரறியச் செய்தது. 2003இல் யாஹூ அதை வாங்கிக்கொண்டது. அந்தக் கருவியில் ஒரே ஒரு கட்டம் இருக்கும். ஒரு சொல்லைப் போட்டால், போன மாதம் அதை எத்தனை தடவை தேடினார்கள் என்று ஒரு பட்டியல் வரும். ஒருமை, பன்மையை எல்லாம் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். பிழையாக எழுதிய சொல்லையும் சரியானதோடு சேர்த்துவிடும். குறைகள் இருந்தன. ஆனாலும் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் மனசுக்குள் என்ன கேட்கிறார்கள் என்பதை முதல்முறை எண்ணாகப் பார்த்த அந்தப் பகலை அவர் மறக்கவில்லை. டீ ஆறிப்போனது தெரியாமல் சொல் மேல் சொல்லாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு இந்தத் தொழிலில் கற்றுக்கொடுத்தவை இன்று நினைத்தால் வருத்தம் தருபவை. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மெட்டா கீவேர்டு என்று ஒரு வரி உண்டு. அதில் இருநூறு, முந்நூறு சொற்களைக் கொட்டுவார்கள். போதாததற்குப் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் எழுதி வைப்பார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும் என்று கணக்கு. அந்த மெட்டா கீவேர்டை வலைத் தேடலின் தரவரிசைக்குத் தான் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகச் சொன்னது. அதற்குப் பிறகும் பல வருஷம் வாடிக்கையாளர்கள் அந்த வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டின் கதை கணபதியில் தொடங்குகிறது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று அந்தப் பக்கம் முழுக்க மோட்டார், பம்ப்செட், கிரைண்டர் பட்டறைகள். வெட் கிரைண்டர் பிறந்த ஊரே கோயம்புத்தூர்தான். 1955இல் பி. சபாபதி என்பவர் இங்கே அதை உருவாக்கினார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் வரலாறு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படி ஒரு பட்டறைக்காரர் தன் தளத்துக்கு ஆளே வருவதில்லை என்று வந்து நின்றார்.

தளத்தைத் திறந்து பார்த்தார் இவர். முகப்பில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில், உணவுப் பதப்படுத்தும் இயந்திரங்களைத் தயாரிப்போர், ஏற்றுமதி செய்வோர் என்று போட்டிருந்தது. கிரைண்டர் என்ற சொல் மூன்றாவது பக்கத்தில்தான் வருகிறது. ஓவர்ச்சர் கருவியில் அந்தப் பெரிய சொற்றொடரைப் போட்டால் ஒன்றும் இல்லை. கிரைண்டர் என்று போட்டால் எண் வந்தது. ஆனால் அதில் பாதி, இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் தேடுகிறவர்கள். மாவரைக்கும் கிரைண்டர் வேண்டியவர் யார், வெல்டிங் பட்டறைக்காரர் யார் என்று அந்த எண் சொல்லவில்லை.

“அய்யா, நான் ஒரு வாரம் உங்க பட்டறையில வந்து உக்காந்துக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

“வாங்க அம்மிணி, அதுக்கென்னங்க. போன் பக்கத்துல ஒரு சேர் போடச் சொல்றேன்” என்றார் முதலாளி.

பட்டறையில் போனை எடுப்பது முதலாளியின் தங்கை. எல்லோருக்கும் அக்கா. ரேக்கு நிறைய டிரம்மும் உருளைக்கல்லும், நடுவில் ஒரு இரும்பு மேஜை, அதில் கறுப்புப் போன். அக்கா ஒரு கையில் போனும் மறு கையில் பில் புக்குமாகப் பேசுவார். “ஏனுங், சொல்லுங்க. ஆமாங்க, கல்லுதானுங்க. கொத்தித் தர்றோமுங்க, டிரம்மோட எடுத்துட்டு வந்துருங்க.” இவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்முனையில் இருப்பவர் என்ன கேட்டார் என்பதை அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். முதல் நாள் அக்காவுக்கு எரிச்சல். மூன்றாம் நாள், போனை வைத்ததும் அவரே, “எழுதிக்க கண்ணு, பெல்ட்டுன்னு சொல்லலே, ‘உள்ள ஓடற ரப்பர்’னு கேட்டாங்க” என்று சொல்லிவிட்டார்.

அந்த ‘உள்ள ஓடற ரப்பர்’ நோட்டில் இரண்டு தரம் அடிக்கோடிட்டு இருக்கிறது. பாகத்தின் பெயர் தெரியாதவர், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். தேடுகட்டத்திலும் அவர் அப்படித்தான் எழுதுவார். பெல்ட் விற்கும் பக்கத்தில் பெல்ட் என்று மட்டும் இருந்தால் அவரும் அந்தப் பக்கமும் சந்திக்கவே போவதில்லை.

நாலாம் நாள் வந்த போன்தான் அவர் தொழிலைத் திருப்பிப் போட்டது. மகன் நியூஜெர்சியில் இருக்கிறான், மருமகளுக்கு ஒரு கிரைண்டர் கொடுத்து அனுப்ப வேண்டும், அங்கே ஓடுமா என்று ஒரு தாய் கேட்டார். முதலாளியே வாங்கிப் பேசினார். வைத்ததும் இவரிடம் விளக்கினார். “அங்க கரண்டே வேறங்க அம்மிணி. நம்மூர்ல 230 வோல்ட், 50 சைக்கிள். அங்க 110, 60 சைக்கிள். நம்ம மோட்டாரை அங்க சொருகினா கல்லு சுத்தாது. டிரான்ஸ்பார்மர் வச்சு வோல்ட்டை ஏத்தினாலும் சைக்கிள் மாறாதுங்க, மோட்டார் வேகம் கூடிப்போகும். அங்கத்த கரண்டுக்குன்னே காயில் கட்டின மோட்டார் போட்டுத் தரோணும். நாங்க போட்டுத் தர்றோம். ஆனா அது யாருக்குத் தெரியுது?”

தளத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று மாலையே ‘110 வோல்ட் வெட் கிரைண்டர்’ என்று ஒரு தனிப் பக்கம் எழுதினார். அமெரிக்க வீடுகளில் உண்மையில் வருவது 120 வோல்ட் என்று பின்னால் தெரிந்துகொண்டார். ஆனாலும் தலைப்பை மாற்றவில்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் 110 என்றுதான் கேட்டார்கள். 120 என்ற உண்மையைப் பக்கத்துக்குள்ளே விளக்கமாக எழுதினார். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் தேடுகிற ஒவ்வொருவரும் வாங்குவதற்காகவே தேடுகிறார். சில வாரங்களில் டெக்சாஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தபோது, அக்கா அதை அச்செடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

இதற்குப் பெயர் இருக்கிறது என்பதை அவர் பிறகுதான் படித்தார். 2004இல் கிரிஸ் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாசிரியர் வயர்ட் இதழில் ‘நீண்ட வால்’ என்ற கருத்தை எழுதியிருந்தார். எல்லோரும் கேட்கும் சில பொருள்கள் தலை. சிலர் மட்டும் கேட்கும் எண்ணற்ற பொருள்கள் வால். வாலைக் கூட்டினால் தலைக்கு ஈடாக நிற்கும். தேடும் சொற்களுக்கும் இது அப்படியே பொருந்தியது. இன்றும் இந்தத் தொழிலில் மூன்று, நாலு சொல்லாக நீளும் தேடலை லாங் டெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்பா இருந்திருந்தால் இதற்கு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே நினைத்துக்கொண்டார். அப்பா கிளை நூலகத்தில் நூலகராக இருந்தவர். பள்ளி விட்டதும் இவர் நேரே அங்கே போய்விடுவார். நடுவில் துளையிட்டுக் கம்பியில் கோத்த அட்டைகள், நீளமான மர இழுப்பறைகள். அப்பா மை தொட்டு அட்டை எழுதும்போது பக்கத்தில் நிற்பது ஒரு சுகம். ‘சர்க்கரை வியாதி: நீரிழிவு காண்க’ என்று ஒரு அட்டை எழுதியதைப் பார்த்து, “அதான் நீரிழிவுன்னு அட்டை இருக்கேப்பா, இது எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். “புஸ்தகத்துல நீரிழிவுன்னு போட்டிருக்கு. கேட்டு வர்ற பெரியவர் சர்க்கரை வியாதின்னு தானே பார்ப்பார்? அவர் ‘ச’ இழுப்பறையைத் திறந்து இல்லேன்னு திரும்பிப் போயிடக்கூடாதில்ல” என்றார் அப்பா.

அப்பாவின் மேஜைக்கு மேலே எஸ்.ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருக்கும். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எஸ்.இ.ஓ. பற்றி யாராவது வகுப்பு எடுக்கக் கூப்பிட்டால் இவர் இன்றைக்கும் முதலில் அந்த விதியைத்தான் பலகையில் எழுதுகிறார். கூகுள் பிறப்பதற்கு அறுபத்தேழு வருஷம் முன்பு, நம் ஊரில் உட்கார்ந்து எழுதியது.

இருபதாம் பக்கத்துக்கு மேல் நோட்டில் மூன்று நிற மை. அதற்குள் ஆண்ட்ரே புரோடர் 2002இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்திருந்தார். அல்டாவிஸ்டா தேடுபொறியில் வேலை பார்த்தவர் அவர். மக்கள் இணையத்தில் தேடுவதை அவர் மூன்று வகையாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போகத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. இவர் அதை நோட்டில் நிறமாக மாற்றிக்கொண்டார். ‘கிரைண்டர்ல சத்தம் வருது’ நீலம். பட்டறையின் பெயரைச் சொல்லிக் கேட்பது பச்சை. ‘டில்டிங் கிரைண்டர் விலை’ சிவப்பு. நீலத்தில் வருகிறவரிடம் விலைப்பட்டியலை நீட்டினால் போய்விடுவார். அவருக்குப் பெல்ட்டைச் சரி பார்க்கச் சொல்லும் பக்கம் வேண்டும். சிவப்பில் வருகிறவரிடம் கிரைண்டரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினாலும் அதே கதிதான். ஒரு நோக்கத்துக்கு ஒரு பக்கம், ஒரே நோக்கத்தோடு வரும் பத்துச் சொற்களையும் அந்தப் பக்கத்திலேயே சேர்ப்பது என்று அன்று போட்ட முறையை அவர் இதுவரை மாற்றவில்லை.

தமிழில் தேடுவது அந்த நாளில் வேறு ஒரு பாடு. பத்திரிகைகளின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. எழுத்துருவை இறக்கினால்தான் படிக்க முடியும். இறக்காவிட்டால் பூச்சி பூச்சியாகத் தெரியும். தேடுபொறிக்கு என்றைக்குமே பூச்சிதான். எத்தனை நல்ல சமையல் குறிப்பு, எத்தனை கட்டுரை அப்படித் தேட முடியாத இடத்தில் கிடந்து போயின என்று நினைத்தால் அவருக்கு இன்றும் மனசு வலிக்கிறது. யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழ்ச் சொல் தமிழ்ச் சொல்லாகவே தேடலில் அகப்பட்டது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது.

அதற்குப் பிறகும் விசைப்பலகை பழகாதவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தார்கள். குழம்பு என்ற ஒரு சொல்லுக்காக நோட்டில் ஒரு முழுப்பக்கம் போயிருக்கிறது. ‘கு’வுக்கு யூ போடுகிறவர் உண்டு, ஓ போடுகிறவரும் உண்டு. ‘ழ’வுக்கு சிலர் இசட், எச் சேர்த்து எழுதுவார்கள். சிலர் வெறும் எல் போடுவார்கள். மகரத்துக்குப் பின்னால் பி வருமா, பி-எச் வருமா என்று வேறு. எல்லாவற்றையும் பக்கத்தில் திணித்தால் படிக்கச் சகிக்காது. எது அதிகம் புழங்குகிறதோ அதைத் தலைப்பிலும், தமிழ் எழுத்தைப் பக்கத்தினுள்ளும் வைப்பது என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார். கூகுள் தேடுகட்டம் தானாகச் சொல்லை நீட்டிக் காட்டும் வசதி 2004இல் சோதனையாக வந்தது, 2008இல் முகப்புக்கே வந்தது. அது அவருக்குப் பெரிய துணை. கிரைண்டர் என்று அடித்து ஓர் இடம் விட்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, கீழே என்ன விரிகிறது என்று எழுதிக்கொள்வார். காசில்லாமல் கிடைக்கும் கீவேர்டு கருவி. இன்றும் முதலில் அதைத்தான் திறக்கிறார். 2016இல் ஜியோ வந்து கைபேசி இணையம் மலிந்ததும், குரலிலேயே தமிழில் கேட்பவர்கள் வந்தார்கள். கேள்விகள் நீண்டன. அக்காவின் போனில் கேட்ட அதே வாக்கியங்கள், அதே ‘எதனால’, ‘போதுமா’.

நோட்டின் நடுவில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் நாற்பது ஊர்ப்பெயர்கள் இருந்தன. வேலை பார்த்த இடத்தில், வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு நாற்பது ஊருக்கு நாற்பது பக்கம் போடச் சொன்னார்கள். ஒரு பக்கம் எழுதி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஏற்றினார் இவர். ஈரோட்டுப் பக்கத்தில் ஓரிடத்தில் திருப்பூர் என்றே நின்றுவிட்டது. கொஞ்ச நாள் எல்லாமே முதல் பக்கத்தில் வந்தன. 2011இல் கூகுள், சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் பாண்டா மாற்றத்தைக் கொண்டுவந்தது. நாற்பதும் கண்ணில் படாத ஆழத்துக்குப் போய்விட்டன. அந்த வாடிக்கையாளர் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, “நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?” என்று ஒரே கேள்வியைக் கேட்டார். இவரிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டார். எட்டு மாதத்தில் அந்த வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார்.

அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு வீடுகளுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு ஆணையில் அதற்கு ‘விலையில்லா’ என்று பெயர். பட்டறைக்கு வந்த போன்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. ‘இலவச கிரைண்டருக்கு பெல்ட் இருக்குங்களா’, ‘கவர்மெண்ட் கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பீங்களா’ என்றுதான் கேட்டார்கள். இவர் பட்டறையின் உதிரிபாகப் பக்கத்தில் மூன்று சொல்லையும் சேர்த்தார். அப்பாவின் ‘காண்க’ அட்டை நினைவுக்கு வந்ததாக ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அந்த ஆண்டு அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஒருவர் எந்தச் சொல்லைத் தேடித் தளத்துக்கு வந்தார் என்பது தளக்காரருக்குத் தெரியும். காலையில் வந்ததும் அந்தப் பட்டியலைப் படிப்பது இவருக்குச் செய்தித்தாள் படிப்பது மாதிரி. கூகுள் கணக்குக்குள் நுழைந்து தேடுகிறவர்களின் சொற்களை அந்த மாதம் கூகுள் மறைக்க ஆரம்பித்தது. பட்டியலில் ‘தரப்படவில்லை’ என்ற ஒரு வரி முளைத்து, மாதத்துக்கு மாதம் வளர்ந்தது. 2013இல் ஏறக்குறைய எல்லாத் தேடலும் அந்த வரிக்குள் போய்விட்டது. அதே ஆண்டு பழைய கீவேர்டு கருவியை எடுத்துவிட்டு கீவேர்டு பிளானரைக் கொண்டுவந்தார்கள். 2016இல், விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவருக்கு அதுவும் சரியான எண்ணைக் காட்டாமல், ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் என்று அகலமாகக் காட்டத் தொடங்கியது. தேடுகிறவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான், அதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் காலை நேரப் பட்டியலின் இடம் இன்னும் வெற்றிடமாகத்தான் இருக்கிறது.

மற்றபடி சில மாற்றங்கள் நல்லதற்கே வந்தன. 2013இல் ஹம்மிங்பேர்ட், 2019இல் பெர்ட் என்று கூகுள் கொண்டுவந்தவை, சொல்லைச் சொல்லாகப் பொருத்துவதை விட்டு வாக்கியத்தின் பொருளைப் பிடிக்க முயன்றன. ஒரே சொல்லைப் பக்கத்துக்கு இருபது தடவை எழுதும் வழக்கம் ஒழிந்தது. எழுதுகிறவர் மனிதருக்கு எழுதலாம் என்று ஆயிற்று.

தேடலுக்கும் பருவம் உண்டு. மார்கழி வந்தால் கோலத்தைத் தேடுவார்கள், தைக்கு முன்னால் பொங்கல் பானை வைக்கும் நேரத்தைத் தேடுவார்கள். கூகுள் டிரெண்ட்ஸில் போட்டால் வருஷா வருஷம் அந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். அது காட்டுவது உண்மையான எண்ணிக்கை இல்லை, உச்சத்தை நூறாக வைத்து ஒப்பிடும் அளவு. கிரைண்டருக்குத் தீபாவளி. பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே பக்கம் ஏறியிருந்தால்தான் தேடுபொறி அதைப் பார்த்து, படித்து, இடம் கொடுக்கும். ஆடியிலேயே தீபாவளிப் பக்கம் எழுதுவதைப் பார்த்து அவர் அம்மா, “இப்பவேவா?” என்பார். விதைக்கிற மாசம் வேற, அறுக்கிற மாசம் வேற என்று அம்மாவுக்கே தெரிந்த கணக்கைத்தான் இவர் திருப்பிச் சொல்வார்.

நோட்டை மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். புதிதாகச் சேர்ந்த பெண், பட்டறைக்கான இந்த வருஷத்துக் கீவேர்டு பட்டியலோடு காத்திருந்தாள். எக்ஸெலில் நாலாயிரத்துச் சொச்சம் வரி. கருவி சில நிமிஷத்தில் கொடுத்துவிட்டது. இவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, ‘மாவு பொங்கி மேல வருது’ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அவள் தேடிப் பார்த்தாள். “பட்டியல்ல இல்லைக்கா. தனியாப் போட்டுப் பார்த்தேன், ஜீரோன்னு காட்டுது. யாருமே தேடலை போல.”

“இங்க அஞ்சு கோடு இருக்கு பாரு” என்று நோட்டை நகர்த்தினார்.

அவள் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். தினமும் கூகுளுக்கு வரும் தேடல்களில் நூற்றுக்குப் பதினைந்து, அதற்கு முன் அங்கே யாருமே கேட்காதவை என்று கூகுளே பல முறை சொல்லியிருப்பதை இவர் சொன்னார். கருவிக்குத் தெரிவது நேற்றுவரை கேட்டது, அதிலும் பலர் கேட்டது. ஒரு வாரத்தில் ஐந்து பேர் போன் போட்டுக் கேட்ட ஒன்று அதன் கண்ணுக்குப் பூஜ்யம். இப்போது கூகுள் தன் முடிவுப் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவால் எழுதிய பதிலைக் கொடுக்கிறது. இந்தியாவில் அது 2024 முதல் வருகிறது. கிரைண்டர் என்றால் என்ன என்று கேட்பவர் இனிமேல் எந்தத் தளத்துக்கும் வரத் தேவையில்லை. மாவு ஏன் பொங்குகிறது, டிரம்மில் எவ்வளவு உளுந்து போடலாம் என்று இருபது வருஷம் போனில் பதில் சொன்ன அக்காவின் அனுபவம் எழுதப்பட்டிருந்தால், அதைத் தேடி வர இன்னும் ஆள் இருக்கிறது.

அந்தப் பெண் மதியமே கணபதிக்குக் கிளம்பினாள். பட்டறையில் கறுப்புப் போன் போய்விட்டது, அக்காவுக்கும் தலை நரைத்துவிட்டது. கேள்விகள் இப்போது வாட்ஸ்அப்பில், பாதி குரல் செய்தியாக வருகின்றன. போகும் வழியில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பினார்.

சொந்தத் தொழிலுக்கென்று ஒரு தளம் வைத்திருப்பவர்கள், கருவிக்குக் காசு கட்டும் முன் ஒரே ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்கிறவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மறுபடி அதே கேள்வி வந்தால் எதிரே ஒரு கோடு போடுங்கள்.